ஊசி வால்வு, தடி வால்வு

இரண்டு வருடம் நான் ஒரு முதுகைப் பார்த்தே சைக்கிள் ஓட்டினேன். யாரும் சிரிக்க வேண்டாம். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களின் பழக்கமே அதுதான். முன்னால் போகிறவர் காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர் அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டே போனால் உழைப்பில் பெரும்பங்கு மிச்சம். திருவிழாக் கூட்டத்தில் ஒரு தடியான ஆளின் பின்னால் நுழைந்து போகிற மாதிரிதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பின்னால் இருப்பவருக்கு ரோடு தெரியாது. முன்னால் இருப்பவரின் இடுப்பும் முதுகும்தான் தெரியும். பெங்களூரிலிருந்து போகும் பழைய மதராஸ் ரோட்டில் லாரிச் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் முன்னால் இருப்பவர் கையால் சொல்வார். விரல் கீழே நீண்டால் அந்தப் பக்கம் பள்ளம். உள்ளங்கை பின்னால் விரிந்தால் நிறுத்து. கை முதுகுக்குப் பின்னால் வீசினால் வண்டி ஏதோ நிற்கிறது, ஒதுங்கு. அவர் திரும்பிப் பார்த்தால் பின்னால் இருப்பவர் கையை முன்னோக்கித் தள்ளிக் காட்ட வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்று பொருள். எங்கள் பேச்சில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஒரு நாள் அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் என்னை முன்னால் விட்டார். எனக்கு விளையாட்டுப் புத்தி. வழவழவென்று இருந்த ரோட்டில் வலப்பக்கம் விரலை நீட்டினேன். அவர் சட்டென்று ஒடித்துப் புழுதியில் இறங்கி, எப்படியோ விழாமல் ஏறி வந்தார். பின்னால் வந்த டெம்போக்காரன் கன்னடத்தில் எங்கள் இருவர் குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனான். ஹொஸ்கோட்டை டீக்கடையில் சைக்கிள்களைச் சாத்தினோம். டீ வந்த பிறகுதான் சொன்னார்.

"கை பொய் சொல்லக் கூடாதுங்க. வாய் சொன்னாப் பரவால்ல."

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. அதோடு முன்னால் போகிற வேலையை அவருக்கே விட்டுவிட்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

நான் மர்பி டவுன்காரி. அப்பா என் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். நான் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி. ஆபீஸ் வேன் காலை ஒன்பதுக்குத்தான் வரும் என்பதால் விடியற்காலை முழுக்க என்னுடையது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்து நீச்சல்குளத்தில் பெண்கள் நேரம் முடிந்து நான் ஈரத்தலையோடு வெளியே வருவேன், ஆண்கள் நேரத்துக்கு அவர் உள்ளே போவார். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, அந்த வாக்கில். ஒரு நாள் கேட் அருகில் நின்று கேட்டார்.

"ஏனுங்க, நிக்காம அறுபது தடவ போய்ட்டு வந்தது நீங்கதானுங்களா? வாட்ச்மேன் சொன்னாரு. எனக்குத் தலைய உள்ள விட்டாலே மூச்சு முட்டுதுங்க."

அவர் ஈரோட்டுப் பக்கம். தோட்டத்துக் கிணற்றில் நீந்தப் பழகியவர். கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே நிற்கும். அப்படியே ஒரு கிலோமீட்டர் போனால் கழுத்து கழன்றுவிடும். நான் மூச்சுவிடச் சொல்லிக் கொடுத்தேன், அவர் என்னைச் சைக்கிளில் ஏற்றினார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் உட்காராமல் செய்யும் போட்டி ஒன்று உண்டு என்று அவர் சொல்லித்தான் தெரியும். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீந்தி, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன் பிறகு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் கணக்கில் இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீந்திக்னு போயி, சைக்கிள்ல போயி, அப்பறம் ஓடறாங்களா? அவ்ளோ அவசரமா எங்கடி போறாங்க எல்லாரும்?"

என் சைக்கிளின் கதை தனி. சிவாஜிநகரில் பழைய சாமான் கடையில் ஒரு வளைந்த ஹேண்டில்பார் வண்டி கிடைத்தது. இரும்பு, எருமைக் கனம். காற்றில் குனிந்து படுத்து ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம், வெளிநாட்டில் அதற்கென்று விற்கிறார்களாம். அலுமினியக் குழாயை வளைத்து அதே தெருவில் ஒரு வெல்டிங் கடையில் போட்டுக்கொண்டேன். முழங்கை வைக்க ஆட்டோ சீட்டு ரெக்ஸினில் மெத்தை. சக்கரம்தான் தகராறு. அந்த ரிம்மில் இருந்த துளை ஊசி வால்வுக்கானது. பென்சில் முனை மாதிரி மெலிந்த வால்வு. அந்த டியூப் அன்றைக்கு பெங்களூரில் கிடைக்காது, யாராவது அமெரிக்காவிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். சைக்கிள் கடை பாய் சிரித்தார்.

"எதுக்கும்மா பேஜாரு? டிரில் போட்டு ஓட்டைய பெருசு பண்ணிடறேன். நம்ம தடி வால்வு டியூப்பு ஜம்முனு போயிக்கும்."

துளைத்துக் கொடுத்தார். அதிலிருந்து எனக்குத் தடி வால்வு, ஈரோட்டுக்காரருக்கு ஊசி வால்வு. சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பையில் அவரவர் மாற்று டியூபை அவரவர் வைத்துக்கொண்டோம். அவருக்கு ஆபீஸ் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடிச் சக்கரம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு கையால் தூக்கினால் காலித் தட்டு மாதிரி இருக்கும். தொட்டுப் பார்க்கவே எனக்கு ஆசையாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கே.ஆர்.புரம் பாலத்தடியில் சந்தித்து ஹொஸ்கோட்டை தாண்டிப் போய்த் திரும்புவோம். வேகவைத்த உருளைக்கிழங்கில் உப்புப் போட்டு நான் கொண்டு போவேன். அவர் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். ஓட்டிக்கொண்டே வலது கையைப் பின்னால் நீட்டுவார், நான் அதில் ஒரு கிழங்கை வைப்பேன். அந்தக் கை என் பக்கம் நீளும்போதெல்லாம் நானும் அவசரமாக ஒரு கிழங்கை வாயில் போட்டுக்கொள்வேன். இருபத்திரண்டு வயதில் அதற்குப் பசி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அவர் முதுகு எனக்கு மனப்பாடம். வெயில் ஏற ஏற மஞ்சள் பனியனில் வேர்வை முதலில் இடது தோள்பட்டைக்குக் கீழே தெரியும். களைத்தால் தலை வலப்பக்கம் சாயும். கோபமாக இருந்தால் கியர் மாற்றும் சத்தத்திலேயே தெரியும். அவர் முகத்தை இப்போது நினைத்தால் சரியாக வருவதில்லை. முதுகு வந்துவிடுகிறது.

அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

"அந்த சைக்கிள்காரரு நல்லவருதான். இல்லங்கல. ஆனா அவரு தோட்டம் தொரவு வெச்சிருக்கற ஆளுங்க. நாம யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுத்தான போனாரு."

"அவருக்குத் தெரியும். அவங்கம்மாவுக்குத் தெரியுமா?"

அம்மா சொன்னது எனக்குத் தெரியாததல்ல. சுவரில் மாட்டியிருந்த புத்தர் படத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காப்பித் தம்ளரை எங்கே கழுவி வைக்கட்டும் என்று கேட்டவர். அவர் மீது எனக்குப் பயமில்லை. எனக்குத்தான் அவருக்குச் சரிசமமாக நிற்க வேண்டும் என்ற வீம்பு.

போட்டிக்கு நான்கு மாதம் இருந்தபோது, அதே டீக்கடையில், தட்டு இட்லி பாதி தின்றிருக்கையில் அவர் சொன்னார்.

"ஆபீஸ்ல வெளிநாட்டுக்குப் போடறாங்க. மூணு வருஷம். ரேஸ் முடிஞ்ச அடுத்த வாரமே கிளம்பணுமுங்க."

"நல்லதுதானே" என்றேன். இன்னொரு தட்டு இட்லி வாங்கித் தின்றேன். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மனசில் இருப்பதை அவரிடம் சொல்லிவிடுவது. ஆனால் இப்போது இல்லை. அவர் முடிக்கிற தூரத்தை நானும் முடித்துவிட்டு, அதே கோட்டில், அதே வேர்வையோடு நின்று சொல்வது. அவர் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தவளாகச் சொல்ல மாட்டேன். இன்று கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பேன். அன்று அது சாமி சத்தியம் மாதிரி இருந்தது. நான்கு மாதமும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் நீந்தினேன், மிதித்தேன், அல்சூர் ஏரியைச் சுற்றி நாய்களுக்கு முன்னால் ஓடினேன்.

போட்டி சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில். சைக்கிள்களின் சக்கரங்களைக் கழற்றி ஒரு வேனில் அடுக்கிக்கொண்டு முதல் நாளே போனோம். சாயங்காலம் லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து பூட்டும்போது அவர் தன் சக்கரங்களை எடுத்து என் வண்டியில் மாட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"நாளைக்கு ஒருத்தர் பின்னால ஒருத்தர் ஒட்டிக்கிட்டுப் போகக் கூடாது. அதான் ரூல். நீங்க தண்ணியில இருந்து எனக்கு முன்னாடி வந்துருவீங்க, காத்துல தனியாப் போகோணும். இது லேசா இருக்கும். உங்க வீல்ல நான் ஓட்டிக்கிறேன், எனக்கென்னங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிரேக்கைச் சரிசெய்தார். கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். காற்றை அழுத்திப் பார்த்தார். நான் குளுக்கோஸ் பாட்டிலையும் உப்புப் பொட்டலத்தையும் மூன்று முறை எண்ணினேன். அவ்வளவு ஜாக்கிரதையான இரண்டு பேர். சீட்டுக்கு அடியில் தொங்கிய பையை மட்டும் யாரும் திறக்கவில்லை.

காலையில் விதிகளை வாசித்தார்கள். இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் ஒட்டக் கூடாது. வெளியாளிடமோ, போட்டியில் இருக்கிற இன்னொருவரிடமோ எந்த உதவியும் வாங்கக் கூடாது. வாங்கினால் கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பேருமே வெளியே.

கடலில் நான் நீந்தியதே இல்லை. குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு போகலாம். கடலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. நான்கு முறை உப்புத் தண்ணீர் குடித்தேன். ஆனாலும் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது ஒரு தலை மட்டும் விறைப்பாகத் தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டு வெகுதூரத்தில் வந்துகொண்டிருந்தது. களைத்ததும் கிணற்று நீச்சலுக்கே திரும்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே சைக்கிளில் ஏறினேன்.

அவருடைய சக்கரங்கள் பறந்தன. ஆனால் முன்னால் யாரும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் என் முன்னால் திறந்து கிடந்தது, எதிர்க்காற்று நேராக மூஞ்சியில். இரண்டு வருடம் நான் ரோட்டையே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. கண் தானாகவே ஒரு மஞ்சள் பனியனைத் தேடி முன்சக்கரத்துக்கு ஓர் ஆள் உயரம் தள்ளி நின்றது. நாற்பது கிலோமீட்டர் தாண்டியிருக்கும். ரோட்டை வெட்டிக் குழாய் போட்டுவிட்டு அரைகுறையாக மூடியிருந்த பள்ளம் ஒன்று. நான் அதைப் பார்த்தபோது அதற்குள் இருந்தேன்.

பின்சக்கரம் வெடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இறங்கிக் கழற்றிப் பார்த்தேன். டியூப் விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது, ஒட்டுப் போட வழியில்லை. பரவாயில்லை, மாற்று இருக்கிறது. பையைத் திறந்து என் டியூபை எடுத்து, வால்வை ரிம்மின் துளையில் வைத்தேன். போகவில்லை. திருப்பி வைத்தேன். எச்சில் தொட்டு அழுத்தினேன். அப்போதுதான் புரிந்தது. இது அவர் சக்கரம். ஊசித் துளை. என் கையில் இருந்தது தடி வால்வு. எனக்கு வேண்டிய டியூப் அவருடைய பையில், பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தது.

அந்தத் தார் ரோட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டேன், அவரைத் திட்டினேன், சிவாஜிநகர் பாயைத் திட்டினேன். யாரையும் விடவில்லை.

கால் மணி நேரத்தில் வந்தார். தூரத்திலேயே தெரிந்தது. முதல் தடவையாக அவரை முன்பக்கத்திலிருந்து வரப் பார்த்தேன், கம்பியில் படுத்துக்கொண்டு, வாய் திறந்து, என் எருமைச் சக்கரங்களை உருட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினார். வண்டி வேகம் குறைந்து உருண்டது. என்ன என்று தலையை அசைத்தார்.

நூறு அடி தள்ளிச் சவுக்குத் தோப்பு நிழலில் போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கண்ணுக்கு முன்னால் டியூபை வாங்கினால் இரண்டு பேரும் வெளியே. என் இரண்டு வருடமும் போகும், அவருடையதும் போகும். அடுத்த வாரம் அவரும் போய்விடுவார்.

என் கையில் டியூப் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வால்வை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். மற்றக் கையை உயர்த்தி முன்னோக்கித் தள்ளிக் காட்டினேன். நன்றாக இருக்கிறேன், போங்கள்.

அவர் போனார். ஒரு நொடி கூடச் சந்தேகப்படவில்லை. மஞ்சள் பனியனில் இடது தோள்பட்டைக்குக் கீழே வேர்வை வந்திருந்தது. அவர் பெயர் என் வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்துவிடு, திரும்பிப் பார்த்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. சாலை வளைவில் அவர் மறைந்தார்.

கடலிலிருந்து ஏறிய வெறுங்காலோடேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்தேன். சைக்கிளுக்கான நேரம் கடந்ததும் போட்டிக்காரர்களின் வேன் வந்து ஏற்றிக்கொண்டது.

அவர் முடிக்கும்போது நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். கால் பின்ன, தலை வலப்பக்கம் சாய, நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் இல்லை. கைதட்டினேன், அழுதேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். அவர் மணலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் சைக்கிளைப் பார்த்தார், காற்றில்லாத சக்கரத்தைப் பார்த்தார்.

"பத்துக் கிலோமீட்டர் போன பொறவு ஞாபகம் வந்துச்சு. டியூப்பு மாறிப் போச்சேன்னு. திரும்பிரலாமான்னு பாத்தேன். ஆனா நீ கை காட்டினியே. நீ வேற ஏதோ வழி பண்ணிருப்பேன்னு நெனச்சுட்டேன்."

இரண்டு வருடத்தில் அன்றுதான் என்னை நீ என்றார். அவருக்கே தெரிந்ததோ என்னவோ.

"நின்னிருந்தா ரெண்டு பேரும் அவுட்டு" என்றேன்.

"ஆமா. அதனால என்ன?" ஷூவிலிருந்து மணலைத் தட்டினார். "சேந்து நடந்து வந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிகிறது, அவர் காத்திருந்தார். வாயைத் திறந்திருந்தால் போதும். ஆனால் நான் முடிக்கவில்லை. முடிக்காதவள் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே போட்ட அந்த வீணாய்ப்போன சட்டம் அப்போதும் என்னை விடவில்லை. எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது நண்பர்கள் அவரைச் சூழ்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் போனார். சக்கரங்களை என்னிடமே விட்டுவிட்டார். முதலில் மாதம் ஒரு மெயில் வந்தது. அங்கே ரோடு எப்படி, குளிர் எப்படி, தண்ணீருக்குள் தலையை விட இப்போது பயமில்லை. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தது.

அடுத்த வருடம் அதே போட்டிக்குத் தனியாகப் போனேன். அதற்கு முன் பன்னிரண்டு மாதம் ஹொஸ்கோட்டை ரோட்டில் எதிர்க்காற்றில் நானே முன்னால் போய்ப் பழகினேன். பள்ளங்களை நானே பார்த்தேன். சில ஞாயிறுகளில் என்னை அறியாமலே விரலை நீட்டிப் பள்ளம் காட்டிவிடுவேன். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

முடித்துவிட்டேன். எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே. கோட்டைத் தாண்டி நின்றபோது ஒரு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்த வாக்கியம் முழுசாக வாய்க்கு வந்துவிட்டது, ஒரு சொல் குறையாமல். மெடல் போட்டுவிட்ட கல்லூரிப் பெண் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"போட்டோ எடுக்கலாமாக்கா? உங்ககூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இன்னும் வரல" என்றேன்.